வாடிவீட்டில் கிடைக்காத சாப்பாடு

நமது நாட்டில் 'ஹோட்டல்' என்ற போர்டைப் பார்த்து, படுக்க இடம் தேடி உள்ளே போகும் வெளிநாட்டுக்காரர் ஏமாந்துதான் வெளியே வருவார். உள்ளே நாலு மேசை இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸும் பணிஸும் இருக்கும். வாசலில் கொத்து போடும் தகடு இருக்கும். கட்டில் மட்டும் இருக்காது. கட்டிலும் சாப்பாடும் சேர்ந்து கிடைத்த இடத்துக்கு வேறு பெயர் இருந்தது: வாடிவீடு. எங்கள் மூத்தவாப்பாமார் அந்த வாசலால் உள்ளே போனவர்கள் இல்லை.

நாங்கள் கிழக்குக் கரைக்காரர். கொழும்புக்குப் போவதென்றால் ஓர் இரவு முழுக்க றோட்டில்தான். அதனால் வழியில் சாப்பிட்ட சாப்பாடுகள் எங்களுக்குக் கலியாணச் சாப்பாட்டை விட அதிகமாக ஞாபகம். அந்தக் கடைகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

கண்டி இராச்சியத்துக் காலத்தில் வழிப்போக்கருக்கு இருந்தது அம்பலம். நாலு பக்கமும் திறந்த மண்டபம், மேலே கூரை, உட்காரக் கட்டை. படுக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். சாப்பாடு விற்கமாட்டார்கள். கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு மூட்ட வேண்டும். அந்த வழிகளில் அதிகம் நடந்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. கரையில் இருந்து உப்பும் கருவாடும் துணியும் மாட்டு முதுகில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுபோய், பாக்கும் மிளகும் ஏற்றித் திரும்பிய தவளக்காரர்கள் அவர்கள். அரசனின் போக்குவரத்துப் பகுதியான மடிகேயில் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த விஷயம் இரண்டு வரியோடு முடிந்துவிடும், அது வேறு கதை.

1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி றோட்டைப் போட்டார். றோட்டோடு வாடிவீடுகளும் வந்தன. அம்பேபுஸ்ஸ வாடிவீட்டை 1828ஆம் ஆண்டுக்குரியது என்பார்கள். சேர்க்கிட் போகும் அரசாங்க உத்தியோகத்தருக்குத்தான் அங்கே முதலிடம். பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தின் ஓரத்தில் இருக்கும் வாடிவீட்டில் 1954இல் எலிசபெத் மகாராணியே தங்கினார். அந்த இடத்தின் அழகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, குளத்துக் காற்றுக்கே பசி வரும்.

ஆனால் அதே றோட்டில் கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்காரன் எங்கே சாப்பிட்டான்? அவனுக்காக வண்டி நிறுத்தும் இடங்களில் சின்னச் சின்னக் கடைகள் வந்தன. 1867இல் ரெயில் கண்டிக்குப் போனது. வண்டிக்காரர் குறைந்தார்கள், கடைகள் ஸ்டேஷன் வாசலுக்கு நகர்ந்தன. 1928இல் மட்டக்களப்புக்கும் ரெயில் வந்தது. அதற்குப் பிறகு பஸ். கொழும்பில் மலையாளிகளும் தென்னிந்தியக் கரையில் இருந்து வந்த சோனகரும் தேத்தண்ணிக் கடை, சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அந்தத் தொழில் மெல்ல மெல்ல உள்நாட்டு முஸ்லிம்களின் கைக்கும் வந்தது.

இப்போது எங்கள் கதுருவெலக்கு வருவோம். மகாராணி தங்கிய வாடிவீட்டில் இருந்து சில கிலோமீற்றர் கிழக்கே, பொலன்னறுவை ரெயில் ஸ்டேஷன் இருக்கிற ஊர். முஸ்லிம்கள் நிறைய வாழும் கடைத்தெரு. எங்கள் பக்கத்து நைட் பஸ்கள் அங்கே நின்றால், பாதித் தூக்கத்தில் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவோம். தட்டுக்கு மேல் மெல்லிய லஞ்ச் சீட் ஒன்றை விரித்து, அதற்கு மேல் பராட்டா இரண்டைப் போட்டு, மாட்டிறைச்சி ஆணத்தை ஊற்றுவார்கள். ஆணம் முடிந்தால் கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி வரும், அதற்குக் காசு இல்லை. கை துடைக்க நாலாக வெட்டிய பத்திரிகைத் துண்டு. (உயர்தரப் பெறுபேறு வந்த செய்தியில் கை துடைத்துவிட்டு, பிறகு அதை வாசித்ததும் உண்டு.) கடைசியில் இஞ்சி போட்ட பிளேன்டீ. வீட்டில் இதே பராட்டாவைச் செய்து பார்த்தோம், அந்த ருசி வரவில்லை. குளிரும் தூக்கமும் பசியும் சேர்ந்த இரவு இரண்டு மணி வீட்டில் கிடைக்காதே.

சோட் ஈட்ஸ் தட்டின் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். கேட்காமலே ஒரு தட்டு நிறைய றோல்ஸ், பற்றிஸ், கட்லட் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். எத்தனை சாப்பிட்டோம் என்று கடைசியில் மிச்சத்தை எண்ணிக் காசு வாங்குவார்கள். நடுவில் யாரும் காவல் நிற்பதில்லை. வெயிற்றர் தூரத்தில் நின்று தொகையைச் சத்தம் போட்டுச் சொல்வார், காசாளர் அதை அப்படியே வாங்கிப் போடுவார். முன்பின் தெரியாத ஆளை நம்பிக் கடை தட்டு வைக்கிறது, முன்பின் தெரியாத குசினியை நம்பி நாங்கள் வாயில் வைக்கிறோம். கொத்து முதலில் எங்கே பிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கிழக்குக்காரர் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

யுத்தக் காலத்தில் இந்தக் கடைகளில் ஒரு நிம்மதி இருந்தது. சோதனைச் சாவடியில் இறக்கி, வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, பையைக் கிளறிய பிறகு ஒரு வெளிச்சமான கடை கண்ணில் படும். அங்கே லீவில் போகும் சிங்கள ஆமிப் பிள்ளை, மட்டக்களப்புத் தமிழ் அக்கா, காத்தான்குடி வியாபாரி எல்லோரும் ஒரே மேசையில் தோளோடு தோள் இடிக்க இருந்து சாப்பிடுவோம். பெரிதாக யாரும் யாரோடும் பேசுவதில்லை. "அந்தச் சம்பலைக் கொஞ்சம் இஞ்சால தாங்க" என்பதோடு சரி. அது போதுமாக இருந்தது.

பிறகு 2018 பெப்ரவரி 26. அம்பாறை நகரம். கச்சேரி வேலையாகப் போனால் நாங்கள் பகல் சாப்பாடு சாப்பிடும் ஊர். அங்கே ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பிட்ட ஒருவர், கறிக்குள் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார். கூட்டம் கூடியது. சிங்களம் சரியாகத் தெரியாத காசாளரைச் சுற்றி நின்று, போட்டாயா, போட்டாயா என்று கேட்டார்கள். பயத்தில் அவர் என்ன கேள்வி என்றே விளங்காமல் ஆம் என்றார். அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அன்றிரவே கடையும் நகரத்துப் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. ஒரு கிழமைக்குள் திகன எரிந்தது, மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அந்தக் கட்டியைச் சோதித்துப் பார்த்துச் சொன்னது: மருந்து எதுவும் இல்லை, மாக்கட்டி. அப்படியொரு மாத்திரை உலகத்தில் எங்குமே கிடையாது என்று வைத்தியர்களும் சொன்னார்கள். வீடியோ ஓடிய வேகத்தில் அந்த அறிக்கை ஓடவில்லை. நாங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே பேஸ்புக், 2018 கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

நல்ல மாக்கட்டி எது, கெட்ட மாக்கட்டி எது என்று சமைக்கும் எவருக்கும் தெரியும். ஆணத்தைத் தடிப்பாக்க மாவைக் கரைத்து ஊற்றும்போது, அவசரத்தில் சரியாகக் கரையாவிட்டால் கட்டி நிற்கும். உம்மாவின் சட்டியிலும் நின்றிருக்கிறது. அந்த ஒரு கட்டிதான் எங்கள் நாட்டுச் சரித்திரத்தில் ஏறியது.

அதற்குப் பிறகு, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இன்னும் மோசமாக, முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதே என்ற பிரச்சாரம் நடந்தது. பஸ் நின்றாலும் பாதிப் பேர் இறங்காத இரவுகளைக் கண்டோம். நூறு பராட்டா அடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களையும் கண்டோம். இறங்காதவர்களில் சிலர் முகம் தெரிந்தவர்கள், வருசக்கணக்காக அதே கடையில் சாப்பிட்டவர்கள்.

இப்போது மறுபடியும் இறங்குகிறார்கள். பசி பெரியது. நாங்கள் வழக்கமாக நிற்கும் கடையில் குசினிச் சுவரின் பாதியை உடைத்து, சமைப்பது வெளியே தெரியும்படி கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காசு மேசையில் முதலாளியின் மருமகன் இருக்கிறார். ஏன் பழைய நானாவை மாற்றினீர்கள் என்று போன லீவில் கேட்டோம். "இவருக்குச் சிங்களம் நல்லா வரும் சேர்" என்றார் முதலாளி.