திரை துறந்த கோமகள்

பிரான்சு நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலை நோக்கிய மலைச்சரிவில் அமைந்த சிறு நாடு மொனாக்கோ. அதன் பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டரே. அந்நாட்டை ஆளும் குலத்திற்கு வாரிசு இல்லாது போனால், அது பிரான்சின் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடாகிவிடும் என 1918ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று விதித்திருந்தது. ஆதலின், 1949இல் அரியணை ஏறிய மூன்றாம் ரெய்னியரின் திருமணம் அரண்மனைச் செய்தி மட்டுமன்று; அந்நாட்டின் தனியுரிமையைப் பற்றியதுமாகும்.

அவர் மணந்த கிரேஸ் கெல்லி, 1929இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தவர். தந்தையார் கொத்து வேலையில் தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். ஒலிம்பிக் படகுப் போட்டிகளில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றவர். மகளோ நியூயார்க்கில் நடிப்புப் பயின்று, ஹிட்ச்காக்கின் மூன்று படங்களில் நடித்துப் புகழ் கொண்டார். 'தி கன்ட்ரி கேர்ல்' படத்திற்காக 1955இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசும் பெற்றார்.

அவ்வாண்டு மே மாதம், கான் திரைப்பட விழாவுக்குச் சென்றபோது ரெய்னியரைச் சந்தித்தார். 1956 ஏப்ரலில் திருமணம் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 26. புகழின் உச்சியில் திரையுலகை விட்டு நீங்கினார். 1957இல் கரோலின், 1958இல் ஆல்பர்ட், 1965இல் ஸ்டெபனி எனக் குழந்தைகள் பிறந்தனர். நாட்டின் கவலை நீங்கியது.

ஆயினும் கலையின் அழைப்பு ஓயவில்லை. 1962இல் ஹிட்ச்காக் 'மார்னி' என்னும் படத்தில் நடிக்க அழைத்தார், கிரேஸ் இசைந்தார். திருட்டுப் பழக்கமுடைய பெண்ணாகத் தம் அரசியார் நடிப்பதா என்று மக்கள் முணுமுணுத்தனர். வரி குறித்துப் பிரான்சுடன் பூசலும் முற்றிவந்த காலம் அது. கிரேஸ் பின்வாங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் பிரான்சு எல்லையில் சுங்கக் காவலையே நிறுத்தியது. 1963இல்தான் உடன்பாடு பிறந்தது.

அதன்பின் அவர் செஞ்சிலுவைப் பணியிலும் குழந்தைகள் நலனிலும் ஈடுபட்டார். கலைஞர்க்கு உதவ 1964இல் அறநிலையம் ஒன்று நிறுவினார். 1982 செப்டம்பரில், மலைப்பாதையில் நேர்ந்த கார் விபத்தால் தம் 52ஆம் வயதில் மறைந்தார். அவர் மகன் ஆல்பர்ட் 2005இல் ஆட்சிப் பொறுப்பேற்றார்.

நடிகை அரசியானாள் என்று கதை சொல்வது எளிது. அவர் பெற்ற மகுடத்தை உலகம் கண்டது. அதற்காக அவர் கொடுத்த விலையையும் வரலாறு குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.