தோல்வழிப் பித்தநீர் வடிப்பு

பித்தநாளம் அடைபட்டவர்களுக்கு, வயிற்றைத் திறக்காமல், தோல் வழியாகக் கல்லீரலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பித்தநீரை வடிக்கும் சிகிச்சை. 1974இல் மோல்னார், ஸ்டாக்கம் ஆகிய மருத்துவர்கள் இம்முறையை விவரித்தனர்.

தேவை: கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 1,000 மி.லி. பித்தநீரைச் சுரக்கிறது. கல், புற்றுக்கட்டி, நாளச் சுருக்கம் ஆகியவற்றால் வழி அடைபட்டால் பித்தநீரின் மஞ்சள் நிறமியான பிலிரூபின் இரத்தத்தில் கூடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகும், மலம் வெளிறும், உடல் அரிக்கும். தேங்கிய பித்தநீரில் கிருமித்தொற்று சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக எண்டோஸ்கோப்பி (உள்நோக்கி) மூலம், நாளத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாயைப் பொருத்துவதே முதல் தேர்வு. அது முடியாதபோதும், பித்தநாளம் கல்லீரலிலிருந்து வெளிவரும் வாயிலருகே அடைப்பு இருக்கும்போதும் இம்முறை கைகொடுக்கிறது.

செய்முறை: விலா எலும்புகளுக்கிடையிலோ மேல்வயிற்றிலோ தோலை மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்ட் உதவியுடன் மெல்லிய ஊசியால் விரிந்த நாளத்தைத் துளைப்பர். சாயமருந்து செலுத்தியதும் அடைப்பின் இடம் எக்ஸ்ரே திரையில் தெரியும். ஊசி வழியே கம்பியை நுழைத்து, அதன்மேல் சுமார் 3 மி.மீ. பருமனுள்ள குழாயை ஏற்றுவர். கம்பியும் குழாயும் அடைப்பைத் தாண்டினால், பித்தநீர் சிறுகுடலுக்கும் பாயும். தாண்டாவிட்டால் உடலுக்கு வெளியே குழாயுடன் இணைத்த பையில் மட்டும் வடியும். பின்னர் உலோக ஸ்டென்ட் பொருத்தலாம்.

சிக்கல்கள், பராமரிப்பு: இரத்தக்கசிவு, தொற்று, பித்தக்கசிவு, குழாய் நழுவுதல் ஆகியன நேரலாம். அதிகம் வெளியே வடிந்தால் உடலின் நீரும் உப்பும் குறையும். அவற்றை ஈடுசெய்வது அவசியம். குழாயை உப்புநீரால் அலசி, இரண்டு மூன்று மாதங்களுக்கொருமுறை மாற்றுவர். குளிர்காய்ச்சல் கண்டாலோ, பையில் இரத்தம் தெரிந்தாலோ, வடிதல் நின்றாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.