பெயரிலார் வமிசாவளி

குலமுறை கிளத்துதல் என்பது நெடுங்காலமாக ஆளும் வர்க்கத்தின் தனியுடைமையாகவே இருந்து வந்துள்ளது. பரணி பாடிய சயங்கொண்டார் சோழனின் இராச பாரம்பரியத்தைத் திருமாலிலிருந்து தொடங்கினார். களத்தில் மாண்ட காலாளின் தந்தை யார் என்று அவர் கூறவில்லை. கூறும்படி எவரும் கேட்கவுமில்லை.

மன்னராட்சியை உதறிவிட்டுப் பிறந்த ஐக்கிய அமெரிக்காவிலும் இந்நோய் தீர்ந்தபாடில்லை. 1890இல் அங்கு நிறுவப்பட்ட 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்னும் சங்கத்திற் சேர விரும்பும் பெண், சுதந்திரப் போருக்குத் துணைநின்ற ஒருவரின் நேர்வழித் தோன்றலே தான் என்பதைப் பத்திரங்களால் நிறுவுதல் வேண்டும். அச்சங்கந்தான் 1939இல் மேரியன் அன்டர்சன் என்ற பெரும் பாடகிக்கு, அவர் கறுப்பினத்தவர் என்பதனால், வாஷிங்டனிலுள்ள தன் மண்டபத்தைத் தர மறுத்தது. ஜனாதிபதியின் மனைவியாரான எலினோர் ரூஸ்வெல்ட் சங்கத்தை விட்டு விலகினார். அன்டர்சன் லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று பாடினார். ஏறத்தாழ 75,000 பேர் திரண்டு கேட்டனர். பாட்டன் பெயர் பத்திரத்தில் இருப்பது வெறும் குடும்பப் பெருமை மட்டுமன்று, யார் எந்த வாயிலால் நுழையலாம் என்பதையும் தீர்மானிப்பது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நிற்க. 1996இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு புதிய முயற்சி தொடங்கிற்று. ஊர்ப் பதிவேடுகளைப் பணம் வாங்காமல் எவரும் பார்க்கத்தக்க வகையில் இணையத்தில் இடவேண்டும் என்று தொண்டர்கள் சிலர் கூடினர். அம்மாநிலத்தின் 120 கவுன்டிகளுக்கும் தனித்தனிப் பக்கங்கள் தோன்றின. அவ்வாண்டிலேயே முயற்சி ஏனைய மாநிலங்களுக்கும் பரவி 'யூ.எஸ். ஜென்வெப்' என்ற பெயர் பெற்றது. மாநிலத்தின் கீழ்க் கவுன்டி, கவுன்டிக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்குச் சம்பளமில்லை, அமைப்பு இவ்வளவே.

கவுன்டியை அடிப்படையாகக் கொண்டதற்குக் காரணமுண்டு. காணி உறுதி, மரணசாசனம், விவாகப் பதிவு, வரி இடாப்பு ஆகிய யாவும் கவுன்டி நீதிமன்றத்தைச் சார்ந்தே அங்கு பேணப்பட்டன. ஒருவர் எங்கே வாழ்ந்தார் என்பதை அறியாமல் அவர் யார் என்பதை அறியவியலாது. எல்லைகளும் ஓயாது மாறின. 1780இல் கென்டக்கியில் இருந்த கவுன்டிகள் மூன்றே. அவை பிளந்து பிளந்து 120 ஆயின. ஆகவே வீடு மாறாத ஒரு குடும்பத்தின் பத்திரங்கள் மூன்று நீதிமன்றங்களிற் சிதறிக் கிடத்தல் கூடும். எந்தக் கவுன்டி எந்த ஆண்டில் எதிலிருந்து பிரிந்தது என்று முதலிற் பார்த்துக்கொள்ளாதவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த இடர் எழுத்துக்கூட்டல். இலிகிதர் காதில் விழுந்தவாறு எழுதினார். ஒலியொத்த பெயர்களை ஒன்றுசேர்க்கும் 'சவுண்டெக்ஸ்' முறைக்கு 1918இல் காப்புரிமை வழங்கப்பட்டது. முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிர்களை நீக்கி, ஏனைய மெய்களை ஒலியினத்துக்கேற்ப இலக்கங்களாக்குவது அதன் வழி. 'ஸ்மித்' என்ற பெயரை எவ்விதம் எழுதினாலும் எஸ்-530 என்ற ஒரே இடத்தில் வந்து விழும். (நன்னூல் கற்ற மாணவர்க்கு இனவெழுத்து என்ற கருத்துப் புதிதன்று.) பழைய குடிசன மதிப்பு ஏடுகளுக்கு இம்முறையிற் சுட்டி எழுதியவர்கள் 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்து, அரசின் நிவாரணத் திட்டத்திற் கூலிக்கு அமர்ந்த மக்கள். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி ஓய்வூதியம் கேட்போர் வயதை மெய்ப்பிக்க அது தேவைப்பட்டது. இன்று குலமுறை தேடும் கனவான்கள் அவ்வேலையற்றோரின் கையெழுத்தின் மீதே நடக்கின்றனர்.

இவ்வமைப்பை நம் மாணவர் சிலருக்குக் காட்ட விரும்பி, 1860ஆம் ஆண்டின் கென்டக்கி இடாப்பொன்றின் படத்தை ஒருநாள் எடுத்து வைத்தோம். மேலே உடைமையாளரின் பெயர். அதன் கீழே நிரை நிரையாக வயது, பால், நிறம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "பெயர் எங்கே, சேர்?" என்றாள்.

பெயர் இல்லை. 1850இலிருந்து அந்நாட்டின் குடிசன மதிப்பு சுதந்திர மக்கள் அனைவரையும் பெயர் சொல்லி எழுதிற்று. 1850, 1860 ஆகிய இரு முறையும் அடிமைகளுக்கெனத் தனி இடாப்பு வகுத்து, அவர்களை எண்ணிக்கையாக மட்டுமே பதிந்தது. 1860இல் கென்டக்கியில் மட்டும் 225,483 அடிமைகள். நாடு முழுவதும் ஏறத்தாழ 40 இலட்சம். அம்மாநிலம் வடபுலத்தோடு நின்றமையால் லிங்கனின் 1863ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் அதற்குப் பொருந்தவில்லை. 1865 டிசெம்பரில் 13ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த பின்னரே அங்கு தளை அறுந்தது. (அத்திருத்தத்தைக் கென்டக்கிச் சட்டசபை ஏற்று அங்கீகரித்தது 1976இலேதான் என்பதையும் சொல்லிவைப்போம்.) அம்மக்களிற் பெரும்பாலோரின் முழுப்பெயர் குடிசன ஏட்டில் ஏறியது 1870இல். அதற்கப்பால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடும் வழி சுவரில் முட்டுகின்றது.

சுவரைக் கடக்கும் வழி கசப்பானது. பாட்டனைத் தேடுபவர் பாட்டனை அடிமை கொண்டவனைத் தேடல் வேண்டும். 1870இல் அக்குடும்பம் வாழ்ந்த இடத்தில் அயல் நிலவுடைமையாளர் யாவர்? அவர்களுடைய 1860ஆம் ஆண்டுப் பட்டியலில், பத்து வயது குறைந்த நிலையில், அதே உருவங்கள் தென்படுகின்றனவா? தென்படின் அவ்வுடைமையாளனின் மரணசாசனம், கடன் ஈடு, விற்பனை உறுதி, பிள்ளைகளுக்குப் பிரித்த பங்கு ஆகியவற்றைத் துருவ வேண்டும். மாட்டுக்கும் கட்டிலுக்கும் இடையில் விலையோடு ஒரு பெயர் இருக்கும். குடும்பப்பெயர் ஒத்திருத்தலை நம்பிவிடுதலும் பிழை. விடுதலை பெற்றோர் கடைசி உடைமையாளனின் பெயரையே சூடினர் என்பதில்லை. முன்னொருவனின் பெயரை வைத்துக்கொண்டோரும், தாமே தெரிந்தெடுத்தோரும் உளர்.

தொண்டரின் சிறு கையெழுத்துப் பெருங்காரியமாவது இங்கேதான். ஒரு மரணசாசனத்தைப் பெயர்த்தெழுதுபவர் உடைமையாளனின் குடும்பப்பெயரை மட்டும் சுட்டியிற் சேர்ப்பாராயின், அதனுள்ளிருக்கும் ஹன்னா, ஐசக் போன்ற ஒற்றைப் பெயர்கள் மீண்டும் புதையுண்டு போகின்றன. அகரவரிசை நடுநிலையானது என்று எண்ணுவோருண்டு. குடும்பப்பெயர் மறுக்கப்பட்டவனை எவ்வெழுத்தின் கீழ் வைப்பது என்று அவர்களைக் கேட்கலாம். பல கவுன்டித் தொண்டர்கள் இதனை உணர்ந்து, பத்திரங்களிற் காணும் அடிமைகளின் பெயர்களைத் தனியே திரட்டி இட்டனர். 'அஃப்ரிஜீனியஸ்' என்ற தளம் ஆபிரிக்க அமெரிக்கரின் வமிசாவளிக்கென்றே இவ்வேலையை மேற்கொண்டது.

இவ்வுழைப்பின் மீது மூலதனத்தின் கண் படாமலில்லை. தொண்டர் தளங்களுக்கு இடமளித்து வந்த 'றூட்ஸ்வெப்' 2000இல் 'ஆன்செஸ்ட்ரி' என்ற கம்பனியின் கைக்கு மாறிற்று. அப்பக்கங்கள் அதன் பின்னரும் இலவசமாகவே இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் 2020இல் அக்கம்பனி 470 கோடி டொலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தால் வாங்கப்பட்டபோது, இறந்தோர் பெயர்களுக்கும் சந்தை விலை உண்டென்பது வெளிப்படையாயிற்று.

இறுதியாக ஒரு வங்கியைப் பற்றிக் கூறவேண்டும். விடுதலை பெற்ற மக்களின் சேமிப்புக்கென 1865இல் தொடங்கிய வங்கி 1874இல் முறிந்தது. வைப்பாளர் ஏறத்தாழ 61,000 பேருக்கு அது தரவேண்டியிருந்த தொகை 30 இலட்சம் டொலருக்குச் சற்றுக் குறைவு. சிலருக்குப் பகுதிப்பணம் கிடைத்தது, பலருக்கு ஒன்றுமில்லை. கணக்குத் திறந்தபோது ஆளை அடையாளங்காணும் பொருட்டு அவர்களிடம் இலிகிதர் கேட்டெழுதிய விவரங்கள் பேரேடுகளில் எஞ்சின. அவற்றுட் பலவற்றில் பிறந்த இடம், முன்னைய எசமான், தாய் தந்தையர், விற்கப்பட்டுப் பிரிந்த உடன்பிறந்தார் ஆகிய எல்லாம் உள. மோர்மன் திருச்சபையின் குலமுறை நிலையம் அப்பேரேடுகளுக்குப் பெயர்ச்சுட்டி தயாரிக்க முனைந்தபோது, அவ்வேலையை ஏற்றவர்கள் யூட்டா மாநிலச் சிறைச்சாலையின் கைதிகள். ஏறத்தாழ 550 கைதிகள், கூலியின்றித் தாமாக முன்வந்து, பதினோராண்டுகள் எழுதினர். 5 இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த பெயர்கள் அடங்கிய அத்தொகுதி 2001இல் வெளிவந்தது. "உன் தாயின் பெயர் என்ன?" என்று இலிகிதர் கேட்டதற்கு அம்மக்கள் அளித்த விடைகளை இன்று எவரும் தேடிப் படிக்கலாம். நாம் அவற்றுட் சிலவற்றை எடுத்து, முன்னர் வினாவிய அம்மாணவியிடம் கொடுத்தோம்.