உருவத்தின் ஓரம்: பச்சைத்திரையின் முன்வரலாறு

நடிகரை ஓரிடத்திலும் அவர் நிற்பதாகக் காட்டப்படும் நிலப்பரப்பை வேறோரிடத்திலும் படம்பிடித்து, இரண்டையும் ஒரே சட்டகத்தில் இணைக்கும் கலை ஏறத்தாழத் திரைப்படத்தின் வயதுடையது. பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1898இல் எடுத்த சிறு படமொன்றில் தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தபோது, கறுப்புத் துணி மறைத்த பகுதியில் ஃபிலிம் ஒளிபடாமல் காத்திருந்ததும் அவ்விடத்திலேயே மறுமுறை படம்பிடிக்கப்பட்டதும்தான் அதன் சூட்சுமம். ஆனால் நடந்து திரியும் உருவத்துக்கு, சட்டகத்துக்குச் சட்டகம் அதனுடனேயே வடிவம் மாறும் மறைப்பு வேண்டும். தொழிலில் 'மேட்' எனப்படும் அத்தகைய நகரும் மறைப்பை உருவாக்கும் முறைக்கு அமெரிக்க ஒளிப்பதிவாளர் ஃபிராங்க் வில்லியம்ஸ் 1918இல் காப்புரிமை பெற்றார். 1933இல் வெளிவந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் தலையும் கையும் இன்றிச் சட்டை மட்டும் நடமாடியது, கறுப்பு வெல்வெட்டால் உடல் மூடிய நடிகரைக் கறுப்புப் பின்னணியில் நிறுத்தி, இம்முறையைக் கையாண்டதால்தான்.

வண்ணப்படம் வந்தபின் நிறமே கருவியாயிற்று. மைசூர்ப் பகுதியில் பிறந்த சாபு நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) படத்துக்காக லாரி பட்லர் நீலத்திரையைக் கையாண்டார். மனிதத் தோலில் நீலம் மிகக் குறைவு என்பதோடு, அன்றைய டெக்னிக்கலர் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி ஃபிலிமில் பதிந்ததால், அப்பதிவுகளிலிருந்தே மறைப்பைப் பிரித்தெடுக்க முடிந்தது. ஆயினும் பிரியும் தலைமுடி, புகை, கண்ணாடி ஆகியவற்றின் ஓரங்களில் நீலக் கோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. இத்தொழிலின் உண்மையான சோதனைக்களம் உருவத்தின் ஓரம்தான்.

அந்த ஓரத்தை மீட்டவர் பெட்ரோ விளாஹோஸ். 'பென்-ஹர்' (1959) படத்துக்காக அவர் வகுத்த நிறவேறுபாட்டு முறையின் அடிப்படை, இயல்பான காட்சிகளில் பெரும்பாலான பொருள்களின் நீல அளவு பச்சை அளவை மிஞ்சுவதில்லை என்பதே. மிஞ்சும் இடத்தில் நீலத்தைப் பச்சையின் அளவுக்குக் குறைத்தால், திரையின் சாயம் கரைந்து முடியிழை மட்டும் எஞ்சும். டிஸ்னி நிறுவனம் பயன்படுத்திய சோடியம் முறை அதனினும் நுட்பமானது: பின்திரைமேல் பாய்ச்சும் சோடிய விளக்கொளி ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்னும் குறுகிய மஞ்சளில் அடங்குவதால், கேமராவினுள் வைத்த பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் இரண்டாவது ஃபிலிமுக்குத் திருப்பி, மறைப்பை அப்போதே பதிந்துவிடும். 'மேரி பாப்பின்ஸ்' (1964) படத்தில் நாயகியின் தொப்பியிலுள்ள மெல்லிய வலைத்துணியின் ஊடே வரையப்பட்ட வயல்வெளி தெரிவதும், 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் சிறகடிக்கும் வேகத்தில் மங்கும் இறகோரங்கள் சிதையாமல் நிற்பதும் இம்முறையின் பேறுகள்.

பச்சை பின்னர் வந்தது. எண்மக் கேமராவின் உணரியில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சைக்கே உரியவை என்பதால் அந்நிறப் பதிவு தெளிவானது. திரைக்குத் தேவைப்படும் ஒளியும் குறைவு. எனினும் திரையிலிருந்து தெறிக்கும் பச்சை ஒளி நடிகரின் கன்னத்திலும் தோளிலும் படியவே செய்கிறது. அதை நீக்க இன்றைய மென்பொருள்கள், நீலத்துக்குப் பதில் பச்சையை வைத்து, விளாஹோஸின் அதே ஒப்பீட்டையே ஒவ்வொரு புள்ளியிலும் செய்கின்றன.