மண் வண்டி ஏறிய அறுவர்

ஒரு நாடகத்திற்கு நடிகரைத் தேர்ந்தெடுக்கும்பொழுது நாம் அவரிடம் எதனைச் சோதிக்கிறோம்? வசனத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் திறனையா? சொன்ன இடத்தில் நிற்கும் பழக்கத்தையா? அவையோரைச் சிரிக்கவைக்கும் ஆற்றலையா? இவ்வினாவிற்கு விடை காண ஹபீப் தன்வீர் என்னும் நாடக இயக்குநருக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ பத்து அங்கங்கள் கொண்ட வடமொழி நாடகம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினமையால் நமக்கும் அது புதியதன்று. வறுமையுற்ற சாருதத்தன், கணிகை வசந்தசேனை, கன்னமிடும் சர்விலகன், அரசனின் மைத்துனன் என்ற செருக்கால் பிதற்றித் திரியும் சகாரன் ஆகியோர் உலவும் அந்நாடகத்தில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. பேகம் குத்ஸியா ஜைதியின் ஹிந்துஸ்தானி தியேட்டருக்காகத் தன்வீர் அதனை ‘மிட்டி கீ காடி’, அதாவது ‘மண் வண்டி’ என்னும் பெயரில் 1958-இல் டில்லியில் அரங்கேற்றினார்.

லண்டனில் நாடகம் பயின்று திரும்பிய அவர், அவ்வாண்டு தம் பிறந்த ஊராகிய ராய்ப்பூருக்குச் சென்றார். தாம் படித்த பள்ளியின் மைதானத்தில் ‘நாச்சா’ என்னும் சத்தீஸ்கர் நாட்டுப்புறக் கூத்து நடைபெற, இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தார். அவர் நடத்திய நடிகர் தேர்வு அதுவே. மதன்லால், டாகுர்ராம், பாபுதாஸ், புல்வாராம் ஆகியோரையும், மோஹ்ரி என்னும் ஊதுகுழல் வாசிக்கும் ஜகமோகனையும் அங்கேயே அழைத்தார். லாலுராம் பின்னர்ச் சேர்ந்தார்.

அறுவரும் டில்லி வந்தபின் இடர் தோன்றியது. இரசிகர் சிரிக்கும் பக்கம் திரும்பி ஆடிப் பழகியவர்களிடம், ‘வலப்புறம் நகர்க, இங்கே நிற்க’ என்றால் எவ்வாறு இயலும்? வாய்மொழி சத்தீஸ்கரியாயிருக்க, ஹிந்தியில் பேசவேண்டிய சுமை வேறு. ராய்ப்பூரில் இரவு முழுதும் அவையை ஆண்ட நடிகர்கள் டில்லி மேடையில் தயங்கினர். பழுது நடிகரிடம் இல்லை, தம் பயிற்றுமுறையிலேயே உள்ளதெனத் தன்வீர் படிப்படியாக உணர்ந்தார். 1973-இல் ராய்ப்பூரில் அவர் நடத்திய நாச்சாப் பயிலரங்கு திருப்பமாயிற்று. நடிகர்கள் தாய்மொழியில் பேசித் தம் போக்கில் ஆடினர். 1975-இல் உருவான ‘சரண்தாஸ் சோர்’ 1982-இல் எடின்பரோ நாடக விழாவில் பரிசு பெற்றது. ‘மண் வண்டி’யும் பிற்காலத்தில் சத்தீஸ்கரியில் ஓடியது.

இது மூலநூலுக்கு மாறான செயலன்று. சூத்திரகரின் நாடகத்திலேயே சாருதத்தன் வடமொழி பேச, விதூஷகனும் சகாரனும் தத்தமக்குரிய பிராகிருத வழக்கிலன்றோ பேசுகின்றனர்!

பிறமாநிலங்களில் வாழும் நம் சங்கங்களும் ஆண்டுதோறும் நாடகம் போடுகின்றன. செந்தமிழ் வசனத்தைக் கையிற் கொடுத்ததும் திணறும் இளைஞரை உடனே விலக்கிவிடாமல், அவர் வீட்டில் பேசும் தமிழிலேயே ஒரு காட்சியை நடித்துக்காட்டச் சொல்வோம். நாம் தேடிய விதூஷகன் அவராகவே இருத்தல் கூடும்.