புழுங்கலரிசியும் பெரிபெரியும்

வைட்டமின் டி எதற்கு என்று கேட்டால், ‘எலும்புக்கு’ என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். வைட்டமின் பி1 எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். இத்தனைக்கும் அதன் வரலாற்றில் நம்ம வீட்டுச் சோற்றுக்கும் பங்கு உண்டு. உட்லண்ட்ஸ் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலாயாவில் நடந்த வரலாறு அது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கி இதயமே செயலிழக்கும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். ஆலையில் தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடம் நோய் அதிகம்; புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் மிகக் குறைவு. வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்தார். 1905 டிசம்பர் 5ஆம் தேதி நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாம் வெள்ளையரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றுதான். ஓராண்டில் வெள்ளையரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோய்க்கு ஒருவர்கூட இறக்கவில்லை.

காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். மாவுச்சத்தைச் சக்தியாக்க உடலுக்கு பி1 வேண்டும். அது குறைந்தால், சக்தி அதிகம் தேவைப்படும் நரம்பும் இதயமும் பெரிதும் அடிவாங்கும். ஆக, நஞ்சு எதுவும் இல்லை. இருக்க வேண்டிய சத்துதான் இல்லை. அந்தச் சத்தை 1926இல் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், யான்சனும் டோனாத்தும் தனியே பிரித்தெடுத்தார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, இதை வைத்து ‘நம் முன்னோர் அன்றே வைட்டமினை அறிந்திருந்தார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். அதற்குச் சான்று இல்லை. நெல்லை அவிக்கும் பழக்கம் உயிர்களைக் காத்தது உண்மை. ஏன் காத்தது என்பதைக் காட்டியது ஆய்வு. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். கூடவே, எந்த அரிசி வேண்டும் என்று கேட்க வாய்ப்பே இல்லாமல் இறந்துபோன அந்த 18 பேருக்கும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி கொடுங்கள்.