போக்கிமான் இரட்டைப் போரில் அணி அமைப்பு: வாய்ப்புக் கணக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்த போக்கிமான் விளையாட்டு இன்று உலகக் கோப்பை நடத்தும் அளவுக்கு வளர்ந்த போட்டிக் கலை. அதில் ஒருவருக்கொருவர் மோதும் முறைகள் பல உண்டு. இக்கட்டுரை அதிகாரப்பூர்வ உலகப் போட்டிகளில் ஆடப்படும் இரட்டைப் போரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆட்டக்காரர் ஆறு போக்கிமான்களோடு வருவார். எதிரியின் ஆறையும் பார்த்த பிறகு நான்கைத் தேர்ந்தெடுப்பார். களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு நிற்கும். எல்லாமே 50ஆம் நிலையில் வைத்துக் கணக்கிடப்படும். ஓர் அணியில் ஒரே போக்கிமான் இருமுறை இடம்பெறக் கூடாது; ஒரே பொருளை இரண்டு போக்கிமான்கள் ஏந்தவும் கூடாது.

புதிதாக வருபவர்கள் அணியைத் தாக்குதல் எண்களைப் பார்த்தே அமைக்கிறார்கள். அதிக வலிமை உள்ள ஆறைத் திரட்டினால் வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கை அது. அந்த அளவுகோல் தவறானது என்பதே இங்கே நிறுவ முயலும் கருத்து. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு செயல்கள் கிடைக்கின்றன. அந்தச் செயல் ஒவ்வொன்றையும் இங்கே வாய்ப்பு என்று குறிப்பிடுகிறேன். எதிரியின் வாய்ப்புகளில் எத்தனையை வீணாக்குகிறோம், நம்முடையவற்றில் எத்தனையைப் பயனுள்ளதாக வைத்துக்கொள்கிறோம் என்பதே அணியின் உண்மையான வலிமை.

2. வாய்ப்பு எப்படிப் பறிபோகிறது

முதலில் வேகத்தைப் பார்ப்போம். எதிரி அசைவதற்கு முன் அதை வீழ்த்திவிட்டால், அந்தச் சுற்றில் அது செய்யவிருந்த வேலையும் சேர்ந்து ஒழிகிறது. அதே எதிரியை அது அசைந்த பிறகு வீழ்த்தினால், தன் வேலையை முடித்துவிட்டுத்தான் விழுகிறது. சேதம் இரண்டு நிலையிலும் ஒன்றே. ஆனால் முந்தி வீழ்த்தும்போது வாய்ப்புக் கணக்கில் நமக்கு ஒன்று கூடுகிறது. வேகத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது தடுப்பு. ஃபேக் அவுட் என்ற வித்தை களத்துக்கு வந்த முதல் சுற்றில் மட்டுமே பலிக்கும். அதன் வலிமை வெறும் 40. ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முந்திச் சென்று எதிரியை அந்தச் சுற்று முழுவதும் அசையவிடாமல் செய்துவிடும். நம் வாய்ப்பு ஒன்றைக் கொடுத்து எதிரியின் ஒன்றை எடுக்கிறோம் என்றால் லாபம் எங்கே என்று கேட்கலாம். வாய்ப்புகள் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல என்பதில்தான் லாபம். பக்கத்தில் நிற்கும் துணை, ஆட்டத்தின் போக்கையே மாற்றும் ஒரு வித்தையை அந்தச் சுற்றில் நிம்மதியாகச் செய்து முடிக்கிறது. எதிரி இழப்பதோ பெரும்பாலும் அதன் சிறந்த செயலை.

இன்சினரோர் என்ற போக்கிமான் பல பருவங்களாக உயர்மட்ட அணிகளில் நீங்காமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. அதன் அடிப்படை வேகம் 60, தாக்குதல் 115. பயமுறுத்தும் எண்கள் அல்ல. ஆனால் களத்தில் கால் வைத்ததுமே அதன் இயல்பு எதிரிகள் இருவரின் உடல்தாக்குதலையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கிறது. ஃபேக் அவுட் ஒரு வாய்ப்பைப் பறிக்கிறது. பிறகு பார்ட்டிங் ஷாட் மூலம் எதிரியின் இருவகைத் தாக்குதலையும் தளர்த்திவிட்டுத் தோழனுக்கு இடம்கொடுத்து விலகுகிறது. மீண்டும் வந்தால் இவை அனைத்தும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அணி அமைப்பவர் இதற்கு மறுமொழி வைத்திருக்க வேண்டும். தன் எண் குறைக்கப்பட்டால் தாக்குதல் இரண்டு படி ஏறும் கிங்காம்பிட், அதேபோல் சிறப்புத் தாக்குதல் ஏறும் மிலோடிக் போன்றவை அதற்காகவே அணிகளில் இடம்பெறுகின்றன.

ப்ரொடெக்ட் வித்தையைப் பலரும் தற்காப்பு என்று மட்டுமே நினைக்கிறார்கள். எதிரிகள் இருவரும் ஒரே போக்கிமானைக் குறிவைத்த சுற்றில் அது ப்ரொடெக்ட் செய்தால், ஒரே வாய்ப்பைச் செலவிட்டு இரண்டை வீணாக்கியிருக்கிறோம். அடுத்தடுத்துச் செய்தால் இரண்டாம் முறை பலிக்கும் சாத்தியம் மூன்றில் ஒன்றாகச் சரியும் என்பதால், எப்போது செய்வது என்பதுதான் திறமை.

தற்செயலும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. ராக் ஸ்லைட் இரு எதிரிகளையும் தாக்கும். ஒவ்வொருவர் மீதும் படும் சாத்தியம் 90 விழுக்காடு. பட்டவர் அந்தச் சுற்றில் அசையாமல் போகும் சாத்தியம் 30 விழுக்காடு. நம்மைவிட மெதுவான இருவர் எதிரே நின்றால், அவர்களில் ஒருவராவது வாய்ப்பை இழக்கும் சாத்தியம் ஏறத்தாழ 47 விழுக்காடு. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சாத்தியம் நமக்குக் கிடைக்க வேண்டுமென்றால் நாம் முந்த வேண்டும். முந்துவது அணி அமைப்பில் தீர்மானிக்கப்படும் ஒன்று.

3. சான்று: 2014 வாஷிங்டன்

மேற்சொன்ன கருத்துக்கு மிகச் சிறந்த சான்று 2014இல் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டி. தென் கொரியாவின் செஜுன் பார்க் அதில் பட்டம் வென்றார். அவருடைய அணியில் கார்சோம்ப், கயரடோஸ், டாலன்ஃப்ளேம், கோதிடெல், கார்டெவோர் ஆகியவற்றோடு ஆறாவதாக இருந்தது பச்சிரிசு, ஒரு சின்னஞ்சிறு மின் அணில். அதன் ஆறு அடிப்படை எண்களையும் கூட்டினால் 405. தாக்குதல் 45; சிறப்புத் தாக்குதலும் 45. அந்த அரங்கில் அதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வெற்றியைச் சின்னது பெரியதை வென்ற கதையாகவே பலர் சொல்லி வருகிறார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அப்படிச் சொல்லும்போது பார்க் செய்த கணக்கு மறைந்துபோகிறது. அந்த அணியை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். கயரடோஸ் நீரும் பறத்தலும் கலந்தது. மின் தாக்குதல் அதற்கு நான்கு மடங்கு. மெகா வடிவம் எடுத்த பிறகு அது நீரும் இருளும் ஆகிறது. அப்போதும் மின் இரண்டு மடங்கு. டாலன்ஃப்ளேம் நெருப்பும் பறத்தலும். அதற்கும் இரண்டு மடங்கு. அணியின் முக்கியத் தாக்குநர்கள் இருவருக்கும் ஒரே பலவீனம். பச்சிரிசுவின் இயல்போ மின் தாக்குதலை உள்வாங்கி, தன் முழு உயிர்ப்பில் கால் பங்கை மீட்டுக்கொள்வது.

அதோடு ஃபாலோ மீ என்ற வித்தையைச் சேருங்கள். அதைச் செய்த சுற்றில், ஒரு தனி எதிரியைக் குறிவைக்கும் தாக்குதல்கள் எல்லாம் பச்சிரிசுவின் மீதே திரும்பும். கயரடோஸை நோக்கி விட்ட மின்னல் அணிலுக்கு உணவாகிறது. எதிரிக்கு ஒரு வாய்ப்பு வீண். மின் அல்லாத தாக்குதலாக இருந்தாலும் முதன்மைத் தாக்குநர் தப்பிக்கிறது. தன் சுற்றைத் தாக்குதலுக்கே செலவிடுகிறது. அந்தக் காலத்தில் இந்த வேலைக்குப் பரவலாக இருந்தது அமூங்கஸ் என்ற காளான். ஆனால் அதன் கவர்ச்சிப் பொடி புல் வகையினரிடம் பலிக்காது. பச்சிரிசுவின் ஃபாலோ மீக்கு அந்தக் குறை இல்லை.

தாக்குதல் எண் 45 என்பது குறையாகத் தோன்றலாம். பார்க் அந்த எண்ணை நம்பவே இல்லை. அவர் கொடுத்த சூப்பர் ஃபேங், எதிரியின் மிஞ்சியிருக்கும் உயிர்ப்பில் சரிபாதியை எடுக்கும். தாக்குபவரின் வலிமை அங்கே கணக்கில் வராது. இன்னொன்று நஸில், பட்டால் எதிரிக்கு முடக்கம் உறுதி. அன்றைய விதிப்படி முடங்கியவரின் வேகம் கால் பங்காகும். நான்கில் ஒரு முறை அசையவும் முடியாது. பச்சிரிசுவின் அடிப்படை வேகம் 95. ஆகவே இவற்றைப் பெரும்பாலும் முந்திச் செய்ய முடிந்தது. ஒவ்வொரு வித்தையும் எதிரியின் வாய்ப்பைச் சுரண்டுகிறது. ஒன்றுகூடத் தாக்குதல் எண்ணைச் சார்ந்து நிற்கவில்லை. வேறு அணியில் இதே பச்சிரிசு பயனற்றுப் போயிருக்கும். மின்னுக்கு அஞ்சும் இருவர் பக்கத்தில் இருந்ததால்தான் அது பொருள்பெற்றது. பட்டத்துக்குப் பிறகு அதை அப்படியே தங்கள் அணியில் சேர்த்தவர்கள் இந்தத் தொடர்பைக் கவனித்திருக்க வேண்டும்.

4. வேகத்தின் எண்கணிதம்

பயிற்சி எண்களில் ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510 வரை ஒதுக்கலாம். ஒரு திறனுக்கு உச்சம் 252. 50ஆம் நிலையில் அந்த 252 சேர்ப்பது 32 புள்ளிகள் மட்டுமே. சுபாவம் ஒரு திறனைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தி இன்னொன்றை அதே அளவு தாழ்த்தும். தாக்குதலில் ஒரு 252, வேகத்தில் ஒரு 252 என்று கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவது வழக்கமாகிவிட்டது. அணியின் மற்ற ஐந்தையும் பாராமல் எடுக்கும் முடிவு அது.

கார்சோம்பை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 102. வேகத்துக்குப் பயிற்சி எதுவும் தராமல், சுபாவமும் நடுநிலையாக இருந்தால் வேகம் 122. முழுப் பயிற்சி தந்தால் 154. அதற்கு மேல் வேகச் சுபாவமும் சேர்ந்தால் 169. எதிரே நிற்பது ஃப்ளட்டர் மேன் என்று வைப்போம். 135 அடிப்படை வேகத்தோடு அதன் உச்சம் 205. மூன்று கார்சோம்புகளும் அதனிடம் தோற்கின்றன. 122ஐ 169 ஆக்கச் செலவிட்டதெல்லாம் இந்த மோதலில் பயனற்றது.

இப்போது அணியில் டெயில்விண்ட் செய்யும் ஒரு துணையைச் சேருங்கள். அது நம் தரப்பின் வேகத்தை இரட்டிப்பாக்கும். 122 என்பது 244 ஆகி 205ஐ எளிதில் தாண்டுகிறது. வேகத்துக்கு ஒதுக்கவிருந்த 252ஐ உயிர்ப்பில் போட்டால் 183 என்பது 215 ஆகும். இன்னொரு அடியைத் தாங்கி இன்னொரு சுற்று நிற்கலாம். ஃப்ளட்டர் மேன் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் பூஸ்டர் எனர்ஜி பொருளோடு வந்தால் அதன் எண் 307. அப்போது முழுப் பயிற்சி பெற்ற 154 இரட்டித்து 308 ஆகும். ஒரே ஒரு புள்ளியில் முந்துகிறது. வேகச் சுபாவம் தேவையே இல்லை. அதைத் தாக்குதலை உயர்த்தும் சுபாவமாக வைத்துக்கொள்ளலாம். எந்த எதிரியை, எந்தச் சூழலில் முந்த வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொன்ன பிறகே எண்ணை எழுத வேண்டும். 308 என்ற அந்த எண் அழகானது. அதைக் கண்டடைவதில் இருக்கும் இன்பமே பலரை இந்த ஆட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறது.

டெயில்விண்ட் நான்கு சுற்று நீடிக்கும் என்று விதி சொல்கிறது. அது செய்யப்பட்ட சுற்றும் அதில் அடக்கம். முழுமையாகக் கிடைப்பது மூன்று. அதற்கு ஒரு வாய்ப்பை ஏற்கெனவே செலவிட்டிருக்கிறோம். ஆகவே அந்த மூன்று சுற்றுகளில் ஆட்டத்தை முடிக்கக்கூடிய தாக்குநர் இருவர் இல்லாத அணியில் டெயில்விண்ட் வைப்பது வீண்.

5. தலைகீழ் வேகம்

ட்ரிக் ரூம் ஐந்து சுற்றுகளுக்கு வரிசையைத் தலைகீழாக்கும்: மெதுவானது முதலில் அசையும். ஆனால் அது எல்லாவற்றுக்கும் கடைசியாகவே நிகழும். எனவே செய்பவர் எதிரிகள் இருவரின் தாக்குதலையும் தாங்கியாக வேண்டும். அந்த ஒரு சுற்றைக் காப்பதற்காகவே அணியின் பாதி அமைகிறது. ஹாட்டரீன், பெண் இண்டீடி, டோர்கோல் என்ற கூட்டணி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இண்டீடி வந்ததும் விரிக்கும் உளத் தளம், தரையில் நிற்பவர்மீது முந்திவரும் வித்தைகளைச் செல்லாமல் ஆக்கும். எதிரியின் ஃபேக் அவுட் அங்கே தோற்கிறது. இண்டீடியின் ஃபாலோ மீ தனித் தாக்குதல்களை இழுத்துக்கொள்கிறது. ட்ரிக் ரூம் செய்யும் ஹாட்டரீனின் இயல்பு, வித்தையைத் தடை செய்ய வரும் கேலியை அனுப்பியவர் மீதே திருப்பிவிடும்.

பிறகு டோர்கோல் வருகிறது. மிகக் குறைந்த வேகத்துக்கு வளர்த்தால் அதன் எண் 22. தலைகீழ் உலகில் அதை முந்துபவர் அரிது. வந்ததும் வெயில் எழுகிறது. உயிர்ப்பு முழுதாக இருக்கும்போது இரப்ஷன் என்ற அதன் நெருப்பு வித்தையின் வலிமை 150. இருவரையும் தாக்குவதால் முக்கால் பங்காகிறது. சொந்த வகையால் ஒன்றரை மடங்கும் வெயிலால் இன்னொரு ஒன்றரை மடங்கும் ஏறி, ஒவ்வொருவர் மீதும் சுமார் 253 வலிமையோடு இறங்குகிறது. ஆனால் உயிர்ப்பு குறையக் குறைய அதுவும் குறையும். டோர்கோலைத் தொடக்கத்திலேயே நிறுத்தி அடிவாங்க வைப்பது அதனால்தான் தவறு.

6. வகைப் பொருத்தம்

பதினெட்டு வகைகளின் அட்டவணையை மனப்பாடம் செய்தால் இந்தப் பகுதி பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆறில் மூவருக்கு ஒரே பலவீனம் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அதை ஏற்கும் நான்காமவர் உண்டா என்று பாருங்கள். 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளில் டெராஸ்டல் என்ற மாற்றம் இதை உலுக்கியது. ஓர் ஆட்டத்தில் ஒரு முறை, ஒரு போக்கிமான் தன் வகையை மாற்றிக்கொள்ளலாம். பனிக்கு நான்கு மடங்கு அஞ்சும் கார்சோம்ப் எஃகாக மாறினால் அதே தாக்குதல் பாதியாகிறது. எட்டில் ஒரு பங்கு. எதிரி தன் சிறந்த வாய்ப்பை விட்டெறிந்துவிட்டு நிற்பார்.

7. ஆறிலிருந்து நால்வர்

ஆறிலிருந்து நான்கைத் தேர்ந்து, அதில் முதலில் இறங்கும் இருவரையும் குறித்தால் 90 வழிகள் உண்டு. நல்ல அணி 90ஐயும் ஆட வேண்டியதில்லை. ஆனால் ஒரே நால்வரை மட்டும் நம்பும் அணி, மற்ற இருவரை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறது. குறைந்தது இரண்டு வேறுபட்ட திட்டங்கள் இருக்க வேண்டும்: ஒன்று டெயில்விண்டில் ஓடுவது, மற்றொன்று அது தடுக்கப்பட்டால் மெதுவாக நிற்பது என்பதுபோல.

2023 பருவத்திலிருந்து பெரிய போட்டிகளில் அணிப் பட்டியல் இரு தரப்புக்கும் திறந்து காட்டப்படுகிறது. வித்தைகள், பொருள், இயல்பு, டெரா வகை எல்லாம் எதிரிக்குத் தெரியும். எதிர்பாராத வித்தையை ஒளித்து வைத்து வெல்லும் வழி இதனால் பெருமளவு அடைபட்டது. ஆனால் பயிற்சி எண்களும் சுபாவமும் பட்டியலில் வருவதில்லை. எதிரே நிற்கும் கார்சோம்பின் வேகம் 122ஆ, 154ஆ, 169ஆ என்பது அது அசையும் வரை தெரியாது. எண்களை யோசித்து ஒதுக்கியவருக்கு இன்று கிடைக்கும் பெரிய லாபம் இதுவே.

8. சோதனை

அணியை எழுதியதும் போக்கிமான் ஷோடவுன் போன்ற இணையக் களத்தில் ஆடிப் பாருங்கள். வென்றோமா, தோற்றோமா என்று மட்டும் குறித்துக்கொண்டால் பயன் குறைவு. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் மூன்றைக் குறித்து வையுங்கள்: எந்த நால்வரைத் தேர்ந்தோம், எந்தச் சுற்றில் நம் வாய்ப்பு வீணானது, அதை வீணாக்கியது எது. சில நாள்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். எந்த எதிரிக்கு எதிராகவும் தேர்ந்தெடுக்கப்படாத ஒரு போக்கிமானும் தெரியவரும். அந்த இடத்தில், திரும்பத் திரும்ப வந்த அந்தப் பெயருக்கு மறுமொழி சொல்லக்கூடிய ஒன்றை வைத்து மீண்டும் தொடங்க வேண்டும். அப்போது மற்ற ஐந்தின் வேக எண்களையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும்.